இஸ்தோப்புப் பேச்சு: பாய் விரிக்க இடம் இருக்கிறதா?

போன இதழில், வீட்டில் பாவிக்காமல் கிடக்கும் சாமான்களைப் பற்றி ஒரு சின்னப் பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவள் நான். கடைசி வாங்கில் இருந்துகொண்டு கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பிள்ளையிடம் முதலில் கேட்பது எனக்குப் பழக்கம். அப்படித் தயங்கித் தயங்கி எழுதியவர்களின் கடிதங்களைத்தான் இந்த முறை எடுத்திருக்கிறேன். பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: டீச்சர், லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பராவில் நாங்கள் ஆறு பேர். என் மாமியார் எதையும் வீச விட மாட்டார். ஹோர்லிக்ஸ் போத்தல், யோகட் கப், சொப்பிங் பை, கிழிந்த சேலை என்று சாக்குச் சாக்காகக் கட்டி, கூரைக்குக் கீழே அட்டத்திலும் கட்டிலுக்குக் கீழேயும் வைத்திருக்கிறார். அடுத்த வாரம் நாலு நாள் மகள் வீட்டுக்குப் போகிறார். அந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாமா? (வாசகி, கொட்டகலை)

பதில்: வேண்டாம் மகள். வேறு எந்த நாளில் வேண்டுமானாலும் செய்யுங்கள், அவர் இல்லாத நாளில் செய்யாதீர்கள். நான் அப்படிச் செய்தவள், அதனால் சொல்கிறேன்.

1991ஆம் வருடம், சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா தனியாக லயத்தில் இருந்தார். வருடப்பிறப்புக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று நான் லீவில் போயிருந்தேன். அம்மா சித்தியைப் பார்க்க நோர்வூட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வேகம் வந்துவிட்டது. ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி, மூடி இல்லாத போத்தல்கள், கைப்பிடி உடைந்த குடை எல்லாவற்றையும் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், குவித்தேன். பாயைச் சுருட்டியபோது அடியில் ஒரு கறுப்புக் கம்பளி இருந்தது. பழைய ஆட்களுக்குத் தெரியும், பிளாஸ்டிக் படங்கு வருவதற்கு முன்னால் மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுப்பார்களே, அந்தக் கம்பளி. ஒரு மூலையில் அடுப்பு நெருப்பு பட்டு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. முழுக்கப் புகை வாசம். ஓரமெல்லாம் தேயிலைக் கறை ஏறி மொடமொடவென்று இருந்தது. போத்தல் பேப்பர்காரர் வந்தபோது அதையும் தூக்கிக் கொடுத்தேன். மற்ற சாமானுக்குக் காசு தந்தார். கம்பளிக்குத் தரவில்லை, மூட்டையை மூடிக் கட்ட உதவும் என்று எடுத்துக்கொண்டார்.

அம்மா சாயந்தரம் வந்தார். சுற்றிப் பார்த்தார். "நல்லா கூட்டியிருக்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி நான் விழித்தபோது அம்மா அடுப்பங்கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நான் விடாமல் கேட்டபிறகுதான் வாய் திறந்தார். "கீழ குளிருதுடி."

அந்தக் கம்பளி பழைய ஞாபகத்துக்காக வைத்திருக்கும் ஒன்று என்று நான் நினைத்துவிட்டேன். அம்மா ஒவ்வொரு ராத்திரியும் அதை விரித்து, அதன்மேல் பாயைப் போட்டுத்தான் படுத்திருக்கிறார். சிமெந்துத் தரையின் குளிர் முழங்காலில் ஏறாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. சொந்த அம்மா எப்படிப் படுக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாளே ஹட்டன் டவுனில் புதுப் போர்வை வாங்கிக் கொடுத்தேன். அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார், கீழே விரிக்க மனம் வரவில்லை.

ஆகவே முதலில் கேளுங்கள். உங்கள் மாமியாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்த காலத்தைப் பிள்ளை வயதில் கண்டவர். அரிசி இல்லை, மாவு இல்லை, கொஞ்சம் கிடைத்தால் அதைப் பூச்சி படாமல், ஈரம் படாமல் வைக்க இறுக்கமான மூடியுள்ள ஒரு போத்தல் வேண்டும். நம் ஊர் மிஸ்டில் (பனிமூட்டத்தில்) உப்பைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் தண்ணீராகிவிடும், உங்களுக்கே தெரியும். மண்ணெண்ணெய் விளக்கும் போத்தலில்தான் எரிந்தது. அந்த வயதில் கற்றுக்கொண்ட பழக்கத்தைக் குப்பை என்று சொன்னால் மனது வலிக்கும்.

அதே நேரம் உங்கள் கஷ்டமும் உண்மை. நான் கணக்கு டீச்சர் இல்லை, ஆனாலும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி. ஒரு பாய் மூன்றுக்கு ஆறு, 18 சதுர அடி. ஆறு பேருக்கு ஆறு பாய் விரித்தால் 108. மிச்சம் 12 சதுர அடி. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய காம்பராவில் நமக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். புருசன் பெண்சாதி ஒரே பாயில் படுத்தாலும், பிள்ளைகள் ஒட்டிப் படுத்தாலும், ஒரு சாக்கு மூட்டை அந்த இடத்தில் யாரோ ஒருவருடைய காலை மடக்க வைக்கிறது.

நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். சாயந்தரம் பாய் விரிக்கும்போது எதையெதையெல்லாம் தூக்கி நகர்த்துகிறீர்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். ராத்திரி வெளியே, காலையில் உள்ளே என்று ஒவ்வொரு நாளும் நகர்கிற சாமானைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். அதையும் மாமியாரையே பார்க்கச் சொல்லுங்கள். "அத்தே, இத எங்க வைக்கலாம்?" என்று தொடங்குங்கள். "வீசலாமா?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு சாக்கு போதும். மழை நாளாகப் பாருங்கள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருவரும் உட்கார்ந்து அவிழ்க்கலாம். மூடி சரியாகப் பொருந்துகிற போத்தல்கள் தட்டில் எத்தனை அடங்குமோ அத்தனை இருக்கட்டும். யோகட் கப்பில் மிளகாய், கத்தரி நாற்று போடலாம், அதற்கு ஒரு இருபது வேண்டும். மீதியை லயத்துக்குப் பின்னால் கொட்டிவிடாதீர்கள், மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு வரும்.

இரண்டு விசயத்தில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒன்று சொப்பிங் பை. ஈர விறகு பற்றுவதில்லை என்று அடுப்பில் ஒரு பொலித்தீனைச் செருகிக் கொளுத்துகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் புகை நெஞ்சுக்குக் கெட்டது, அதுவும் புகை போக வழியில்லாத அடுப்பங்கரையில், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு. இன்னொன்று அட்டம். பழைய கரண்ட் வயர் போகிற இடத்தில் துணி மூட்டையும் விறகும் ஒன்றாகக் கிடந்தால் என்ன ஆகும்? லயம் முழுக்க ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு அடுத்த காம்பராவைக் கேட்டுக்கொண்டு வராது. எத்தனை லயம் அப்படி எரிந்து, எத்தனை குடும்பம் உடுத்திய துணியோடு பாடசாலைக் கட்டிடத்தில் படுத்திருக்கிறது. நானே அப்படி வகுப்பறையைத் திறந்துவிட்டிருக்கிறேன். மாமியாருக்கு இந்தக் காரணம் உடனே விளங்கும். அட்டத்தை முதலில் காலி செய்யுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். தங்கச்சியின் சடங்குக்குச் சொந்தக்காரர் வருவார்கள் என்று அம்மா தவணைக்கு ஒரு செட்டியும் (சோபா) ஷோகேசும் எடுத்தார்கள். மாதம் 8,100 ரூபாய். அதைக் கட்ட இப்போது வாராவாரம் கட்டுகிற கிழமைக் கடனும் எடுத்துவிட்டார்கள். சாமானைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால், லயமே சிரிக்கும் என்று அழுகிறார்கள். என்ன செய்வது? (வாசகர், சொந்த ஊர் மஸ்கெலியா)

பதில்: தம்பி, அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வாழ்நாள் முழுக்கப் பிறர் வீட்டுக் கதிரையில் உட்காரத் தயங்கிய ஒரு மனுசி, தன் வீட்டுக்கு வருகிறவரை உட்கார வைக்க ஆசைப்பட்டிருக்கிறார். அந்த ஆசையில் தப்பு இல்லை.

ஆனால் இந்தத் தவணையை அம்மாவுக்கு விளங்குகிற கணக்கில் சொல்லுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் 8,100 என்பது முழுசாக ஆறு நாள் பேர் (நாட்கூலி). ஆறு நாள் மலையேறி, அட்டைக்கடி பட்டு, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்த காசு. சேமலாப நிதிக்குப் பிடிப்பதற்கு முன்னாலேயே இது. அப்புறம் அந்தச் செட்டி ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம் இருக்கும். மேலே கொட்டகலை வாசகிக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள். ஆறு பேர் படுத்தபிறகு மிஞ்சுகிற 12 சதுர அடிக்குள் அது அடங்காது.

இப்போது செய்ய வேண்டியது. ஒப்பந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு நீங்களே ஒரு லீவு நாளில் கடைக்குப் போங்கள். இதுவரை கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு, சாமானைத் திருப்பிக் கொடுத்தால் மீதிக் கடன் முழுதாகத் தீருமா, இல்லை அதற்கு மேலும் கட்டச் சொல்வார்களா, இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். சாமானைக் கொடுத்தால் கடன் முடிந்தது என்று நீங்களாக நினைத்துவிட வேண்டாம். கடைசித் தவணை கட்டும்வரை சாமான் அவர்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அவர்களைக் கேட்காமல் வேறு யாருக்கும் விற்கவும் கூடாது.

கையில் ஒரு தொகை சேர்ந்தால் முதலில் கிழமைக் கடனை முடியுங்கள். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்க மாட்டேன் என்று அம்மாவிடம் வாக்கு வாங்குங்கள். கிழமைதோறும் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நிற்பதும், அதைப் பார்த்து அம்மா வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் மறைவதும்தான் லயத்தின் கண்ணில் படுகிறது. செட்டி போனதை யாரும் ஒரு மாதத்துக்கு மேல் பேச மாட்டார்கள்.

திருப்பிக் கொடுத்தால் நட்டம்தான் என்று தெரிந்தால் கொடுக்க வேண்டாம். மீதியைக் கட்டி முடித்து, செட்டியை விற்றுவிட்டு ஷோகேசை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடிக் கோப்பையை எடுத்து ஒவ்வொரு நாளும் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்படி தங்கச்சியிடம் சொல்லுங்கள். எனக்குப் பிரியாவிடையில் கிடைத்த பன்னிரண்டு கோப்பையை நான் ஐந்து வருடம் பூட்டி வைத்திருந்தேன். இப்போது பாவிக்கிறேன். நாலு உடைந்துவிட்டது. எட்டில் குடிக்கிறோம்.

கேள்வி: அப்பா இறந்து இரண்டு வருடம். அவருடைய தகரப் பெட்டி நிறையப் பழைய கடதாசி. பாதி இங்கிலீஷ், பாதி சிங்களம். பூஞ்சணம் பிடித்து வாசம் தாங்க முடியவில்லை. எரித்துவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், அப்புத்தளை)

பதில்: தயவுசெய்து நெருப்புப் பெட்டியைக் கீழே வையுங்கள். இந்த இதழ் வந்து சேர்வதற்குள் எரித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

போத்தலை விடச் சொல்வேன், செட்டியை விடச் சொல்வேன், கடதாசியை மட்டும் மலையகத்து மனுசர் யாரையும் விடச் சொல்ல மாட்டேன். நம் ஆட்களுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம்மில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், ஆனால் இத்தனை வருடம் இங்கேயே இருந்தாய் என்பதற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். இருட்டோடு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போய் இருட்டோடு திரும்பியவனிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? 1964இல் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தன. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். இங்கே எஞ்சியிருந்த எல்லோருக்கும் வழி திறந்தது 2003இல் வந்த சட்டம்தான். அந்தச் சட்டத்திலும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசிக்கிறவர், அல்லது அவருடைய வழித்தோன்றல் என்றுதான் இருக்கிறது. உங்கள் அப்பா அந்தப் பெட்டியை ஏன் பூட்டி வைத்திருந்தார் என்று இப்போது விளங்குகிறதா?

மழை விட்டு வெயில் வருகிற ஒரு நாள், தை மாசி என்றால் நல்லது, பெட்டியை இஸ்தோப்புக்குக் கொண்டு வாருங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், பூஞ்சணத் தூசி நெஞ்சில் போகும். கடதாசிகளை நிழலில், காற்றோட்டமாகப் பரப்புங்கள். நேர் வெயிலில் போட்டால் மை வெளுத்துவிடும். காய்ந்ததும் மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்க்காதீர்கள்.

பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசிகள், காணி அல்லது வீடு சம்பந்தமான எதுவானாலும் வைத்துக்கொள்ளுங்கள். விளங்காத மொழியில் இருப்பதை விளங்கியவரிடம் காட்டாமல் ஒதுக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை, கட்டிமுடித்த கரண்ட் பில், பழைய கலண்டர், லொத்தர் டிக்கெட் போகலாம். பாதிப் பெட்டி அதிலேயே குறைந்துவிடும். அப்பாவின் கையெழுத்து இருக்கிற ஒன்றிரண்டு கடிதத்தை எதற்கும் உதவாவிட்டாலும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

மூலப் பிரதியை லெமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. தெளிவான பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு ஒரே ஃபைலில் வையுங்கள். ஃபோனில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

அந்த ஃபைலை ஒரு கைப்பையில் போட்டு, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள். உங்கள் ஊரிலிருந்து கொஸ்லாந்தை மீரியபெத்தை தூரமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, உயிர் தப்பியவர்கள் பலருக்கும் தாங்கள் யார் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி மிஞ்சவில்லை. மண்சரிவு எச்சரிக்கை சிவப்பு என்றால் வெளியேறச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நேரம் கையில் பிள்ளையும் தோளில் அந்தப் பையும் போதும். தகரப் பெட்டியைத் தூக்க நின்றுவிடக் கூடாது.

கேள்வி: ஓ.எல். பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். ஒரு பெட்டி நிறைய நோட்சும் கடந்தகால வினாத்தாளும் இருக்கிறது. அம்மா கடைக்குப் போடச் சொல்கிறார், வடை சுற்ற உதவுமாம். (மாணவி, புசல்லாவை)

பதில்: பெறுபேறு வரும்வரை எதையும் கொடுக்காதே மகள். வந்தபிறகு, பாடப்புத்தகங்களைப் பாடசாலையிலேயே திருப்பிக் கொடு, அவை அரசாங்கம் தருபவை, இன்னொரு பிள்ளைக்குப் போக வேண்டும். கணக்கு, விஞ்ஞான நோட்சையும் வினாத்தாளையும் அடுத்த வருடம் எழுதப்போகிற ஒரு பிள்ளையிடம் கையில் கொடு. உன் தோட்டத்தில் டியூசனுக்குப் போக வசதியில்லாத பிள்ளை யார் என்று உனக்குத்தான் தெரியும். நீ பிழை விட்ட இடங்களில் சிவப்பு மையில் திருத்தியிருப்பாயே, அந்தப் பக்கங்கள்தான் அந்தப் பிள்ளைக்கு ரொம்ப உதவும். வடைக்கடைக்குப் பத்திரிகைத் தாள் போகட்டும்.

கேள்வி: எங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் குடி போகிறோம். புது வீட்டுக்குப் பழைய சாமான் எதுவும் வேண்டாம் என்பது என் மனைவியின் விருப்பம். அம்மாவோ அம்மிக்கல்லையே தூக்கி வரச் சொல்கிறார். (வாசகர், இராகலை)

பதில்: முதலில் வாழ்த்துகள். எத்தனை தலைமுறை கழித்து ஒரு வாசல், ஒரு முகவரி. இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

அம்மிக்கல்லைத் தூக்கி வாருங்கள். அதைக் கோடிப்பக்கம் வைத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, அம்மா கையால் அரைத்த சம்பல் உங்கள் மனைவிக்கும் கிடைக்கும். மற்றபடி மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புது வீடு 550 சதுர அடி என்றதும் பெரிதாகத் தெரியும். லயத்தில் அட்டத்திலும் கட்டிலுக்குக் கீழேயும் கிடந்ததையெல்லாம் அப்படியே ஏற்றிக்கொண்டு போனால், ஆறு மாதத்தில் ஒரு அறை சாமான் அறையாகிவிடும். பிள்ளை படிக்க ஒரு மேசை போட இடம் இருக்காது. முதல் வாரம் சமைக்க, படுக்க, உடுத்தத் தேவையானதை மட்டும் கொண்டு போங்கள். காம்பராவை ஒப்படைக்கும் நாள்வரை மற்றது அங்கேயே இருக்கட்டும். தேவைப்பட்டு நடந்துவந்து எடுத்ததைப் புது வீட்டில் சேருங்கள். ஒப்படைக்கிற நாளில் மிஞ்சிக் கிடப்பதைப் பக்கத்து லயத்தாருக்குக் கொடுங்கள். உங்கள் பழைய கதவுத் திரையும் வாளியும் அங்கே ஒரு வீட்டுக்குப் புதுசு.

என் அக்கா 1977இல் இந்தியாவுக்குப் போனாள். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, இராமேஸ்வரம். ஒரு தகரப் பெட்டிதான் கொண்டு போனாள். எதை எடுப்பது என்று மூன்று நாள் வீட்டில் பேச்சு. கடைசியில் நாலு சேலை, கல்யாணப் படம், இரண்டு றாத்தல் தேயிலைத்தூள், அப்புறம் அரிசி அளக்கிற கொத்து. அம்மா கொத்தை வேண்டாம் என்றார், அங்கே படிக் கணக்கு, இது எதற்கு என்று. அக்கா கேட்கவில்லை. கோத்தகிரியில் அவள் வீட்டில் இன்றைக்கும் அரிசிப் பானைக்குள் அந்தக் கொத்துதான் கிடக்கிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று அவள் கைக்கு அதில்தான் தெரியும். உங்கள் அம்மாவின் அம்மிக்கல்லும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

கேள்வி: எல்லோரையும் விடச் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் விட முடியாமல் இருப்பது எது, டீச்சர்? (வாசகர், பதுளை)

பதில்: அம்மாவின் கூடைக்கயிறு, கொழுந்துக் கூடையை முதுகில் சுமக்கத் தலையில் மாட்டுகிற கயிறு. கூடை 1998இல் அம்மா இறந்த வருடமே இத்துப்போய்விட்டது, அதை விட்டுவிட்டேன். கயிறு மட்டும் என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. சணல் கயிறு. தலையில் படுகிற இடத்தில் பழைய சேலைக் கரையை ஏழெட்டுச் சுற்று சுற்றித் தைத்திருக்கிறார். அந்த இடம் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்து, தோல் மாதிரி வழவழவென்று இருக்கிறது. விரலால் தடவினால் ஒரு பள்ளம் தெரியும். அம்மாவின் உச்சந்தலையிலும் அதே இடத்தில் முடி இல்லாமல் ஒரு கோடு இருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரல் அதில் போகும்.

கம்பளைக்குப் பக்கத்தில் பரதெக்கவில், பழைய லயக் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் 2007இல் அமைத்தார்கள். நம் ஆட்கள் பாவித்த சாமான்களை அங்கே வைத்திருக்கிறார்கள். எனக்கும் எழுபதாகப் போகிறது. என் பிள்ளைகள் வெளிநாட்டில். எனக்குப் பிறகு இந்த வீட்டை ஒதுக்க வருகிறவருக்கு இது வெறும் பழைய கயிறு. அதனால் அங்கே கொடுத்துவிடலாம் என்று இந்த மாதம் முடிவு செய்தேன், ஒரு வெள்ளைத் துணியில் சுற்றியும் வைத்தேன்.

அப்புறம் அக்காவின் ஞாபகம் வந்தது. அவளும் அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்தவள்தானே. போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் எடுத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். துணியை அவிழ்த்துக் கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். அவள் சொல்லும்வரை அங்கேயே இருக்கும்.